கத்திக்கு முன்னால் ஒரு ஸ்கேன்

நுரையீரலில் கட்டி, வெட்டி எடுத்தால் பிழைக்கலாம் என்கிறார் டாக்டர். மார்பைத் திறந்த பிறகுதான் நோய் ஏற்கெனவே பரவியிருப்பது தெரிகிறது என்றால், பட்ட பாடெல்லாம் வீண். நெதர்லாந்தில் 188 நோயாளிகளிடம் நடத்தி 2002இல் வெளியான ஆய்வில், வழக்கமான பரிசோதனைகளை மட்டும் செய்துகொண்டவர்களில் 41 சதவீதம் பேருக்கு அறுவை சிகிச்சை வீணானது. கூடவே பெட் ஸ்கேனும் எடுத்துக்கொண்டவர்களில் அது 21 சதவீதம்தான்.

புற்றணுக்கள் சர்க்கரையை அள்ளி விழுங்கும் என்று 1920களிலேயே கண்டவர் ஜெர்மானியர் ஓட்டோ வார்பர்க். அந்தப் பேராசையைத்தான் ஸ்கேன் பயன்படுத்துகிறது. கதிரியக்க ஃப்ளூரின்-18 ஏற்றிய சர்க்கரையை ஊசியில் செலுத்துவார்கள். அதிலிருந்து வெளிவரும் பாசிட்ரான் அருகிலுள்ள எலக்ட்ரானோடு மோதி இரண்டுமே அழிய, எதிரெதிர்த் திசையில் இரு காமா கதிர்கள் பாயும். அவை கிளம்பிய இடத்தைக் கருவி கணக்கிடும். பாசிட்ரானோடு கூடவே ஒரு நியூட்ரினோவும் புறப்படும். ஆம், நியூட்ரினோ ஆய்வகத்துக்காகப் பொட்டிபுரம் மலையைக் குடையும் பேச்சு வந்தபோது போடி டீக்கடைகளில் அடிபட்ட அதே நியூட்ரினோதான். அது யாரையும் ஒன்றும் செய்யாமல் போய்விடும்.

ஃப்ளூரின்-18 நிற்காத சரக்கு. 110 நிமிடத்தில் பாதி தீர்ந்துவிடும். மதுரையிலிருந்து ரயில் போடிக்கு வந்து சேர ஆகும் நேரம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே மருந்து தயாராகும்போது நோயாளி மதுரையில், ஸ்கேன் எடுக்கும் இடத்திலேயே இருந்தாக வேண்டும்.

போகும் முன் செய்யவேண்டியவை உண்டு. முந்தின நாள் முழுக்க ஏலத்தோட்டத்தில் மூட்டை சுமந்திருந்தால், உழைத்த தசைகளும் சர்க்கரையை இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். அன்று வேலைக்கு லீவு போடுங்கள். குளிரில் நடுங்கினால் கழுத்தடியில் இருக்கும் பழுப்புக் கொழுப்பு சூடேற்றச் சர்க்கரையை எரிக்கும். படத்தில் அது நெறிக்கட்டு போலவே தெரியும். சாந்தன்பாறைக் குளிருக்குப் பழகியவர்களானாலும் ஏசி அறையில் போர்வை கேட்டு வாங்கக் கூச்சப்பட வேண்டாம்.

நம் ஊரில் பெரிய குழப்பம் காசநோயால் வருகிறது. காசநோய் தாக்கிய நிணநீர்க் கணுவும் புற்றைப் போலவே ஒளிரும். அதைப் பார்த்ததும் “பரவிடுச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது” என்று குடும்பமே இடிந்துபோய்விடுகிறது. ஒளிர்ந்த இடத்திலிருந்து பயாப்ஸி எடுத்துப் பார்க்காமல் அறுவை சிகிச்சையைக் கைவிடுவது, ஸ்கேனே எடுக்காமல் வெட்டுவதைவிடப் பெரிய தவறு என்பேன். ஒளிராததாலேயே நோய் இல்லை என்றும் ஆகிவிடாது. மிகச் சிறிய கட்டிகள் தப்பிவிடும். மூளை எப்போதுமே சர்க்கரை தின்னும் உறுப்பு என்பதால் அங்கே பரவியிருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும்.

மதுரைக்குக் கிளம்பும்போது பழைய எக்ஸ்ரேக்களோடு, என்றைக்கோ காசநோய்க்கு மருந்து சாப்பிட்ட சீட்டு வீட்டில் கிடந்தால் அதையும் பையில் எடுத்து வையுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே காட்டுங்கள்.