கோலார் தங்கவயல் சயனைடு மேடுகள்: நஞ்சு நொதியை முடக்குவது எப்படி, ரத்தம் அமிலமாவது ஏன்?

மாரிகுப்பம்: கர்நாடக மாநிலம் பங்காருப்பேட்டையிலிருந்து புறப்படும் கிளை ரயில் பாதை முடிவடையும் இடம் மாரிகுப்பம். தமிழர்கள் பெருமளவில் வாழும் கோலார் தங்கவயலின் ஒரு பகுதியான இவ்வூரைச் சுற்றிலும் குன்றுகளைப் போல் எழுந்து நிற்கின்றன 'சயனைடு மேடுகள்'. 1880-ம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கப் பணி, பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் கீழ் 2001 பிப்ரவரி 28-ம் தேதி நின்றுபோனது. தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டப்பட்ட கழிவு மண் மட்டும் எஞ்சியது. அதன் அளவு சுமார் 3.3 கோடி டன் என மதிப்பிடப்பட்டுள்ளது.

13 கழிவு மேடுகளில் மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. இந்நிலையில், சயனைடு உடலில் என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

தொட்டியில் காரம் ஏன்?

தங்கத்தைச் சயனைடு கரைசலில் கரைத்துப் பிரிக்கும் முறைக்கு 1887-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் காப்புரிமை பெறப்பட்டது. இம்முறையில் தாதுப் பொடியுடன் சுண்ணாம்பு சேர்த்து, கரைசலின் பி.எச் அளவை 10-க்கு மேல் வைத்திருப்பார்கள். பி.எச் அளவு சுமார் 9.2 ஆகக் குறைந்தால், சயனைடில் பாதி ஹைட்ரஜன் சயனைடாக மாறிவிடும். அது 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து வாயுவாகும் கொடிய நஞ்சு. எனவேதான் சயனைடு உள்ள இடத்தில் அமிலத்தைச் சேர்க்கக் கூடாது என்பது ஆலைகளின் அடிப்படை விதியாக உள்ளது.

முடங்கும் நொதி

உயிரணுக்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியாவில், சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்னும் நொதி ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் உற்பத்தியின் கடைசிக் கட்டத்தை நிறைவேற்றுகிறது. சயனைடு இந்நொதியில் உள்ள இரும்பு அணுவைப் பற்றிக்கொள்கிறது. அதன் பிறகு ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருந்தாலும் உயிரணுவால் அதைப் பயன்படுத்த இயலாது. பயன்படாத ஆக்சிஜன் அப்படியே திரும்புவதால், பாதிக்கப்பட்டவரின் சிரை ரத்தமும் தமனி ரத்தத்தைப் போலவே செந்நிறமாகக் காணப்படலாம்.

அமிலமாகும் ரத்தம்

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு ஆக்சிஜனுடன் முழுமையாக எரியும்போது ஏறத்தாழ 30 ஏ.டி.பி. ஆற்றல் அலகுகள் கிடைக்கும். ஆக்சிஜன் வழி அடைபட்டால் 2 மட்டுமே கிடைக்கும். பற்றாக்குறையை ஈடுகட்ட உயிரணுக்கள் குளுக்கோஸை வேகமாகச் சிதைக்கின்றன. லாக்டிக் அமிலம் குவிகிறது.

ரத்தத்தின் இயல்பான பி.எச் அளவு 7.35 முதல் 7.45 வரை. பைகார்பனேட்டும் கார்பானிக் அமிலமும் 20-க்கு 1 என்ற விகிதத்தில் இருந்து இந்த அளவைக் காக்கின்றன. நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. சிறுநீரகம் பைகார்பனேட்டைத் தக்கவைக்கிறது. லாக்டிக் அமிலம் பெருகினால் பைகார்பனேட் தீர்ந்து பி.எச் சரிகிறது. மூச்சு வேகமெடுப்பது, கூடுதல் அமிலத்தை ஈடுசெய்ய உடல் மேற்கொள்ளும் முயற்சியே ஆகும். சிறுநீரகம் ஈடுசெய்ய நாள்கணக்கில் ஆகும். சயனைடோ நிமிடங்களில் கொல்லக்கூடியது.

தடுப்பே மருந்தாகும்போது

நொதித் தடுப்பு எப்போதும் தீமை அல்ல. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த கள்ளச்சாராயத்தில் இருந்தது மெத்தனால். கல்லீரல் நொதி அதை இறுதியில் ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் ரத்தத்தின் பி.எச் அளவைக் குறைப்பதுடன், சயனைடு தாக்கும் அதே நொதியையும் முடக்குகிறது. ஃபோமெபிசோல் என்னும் மருந்து, மெத்தனாலுக்குப் போட்டியாகக் கல்லீரல் நொதியின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நஞ்சு உருவாவதைத் தடுக்கிறது.

சயனைடுக்கு அளிக்கப்படும் ஹைட்ராக்சோகோபாலமின் வேறு வழியில் செயல்படுகிறது. அதிலுள்ள கோபால்ட், சயனைடைத் தன்னுடன் இணைத்து வைட்டமின் பி12-ன் ஒரு வடிவமாக மாற்றுகிறது. நொதி விடுபட்டு மீண்டும் இயங்குகிறது. சோடியம் தயோசல்பேட், சயனைடை நச்சுத்தன்மை குறைந்த தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்ற உதவுகிறது.

மக்கள் கவனிக்க வேண்டியவை

திறந்த வெளியில் கிடக்கும் சயனைடு சூரிய ஒளியாலும் காற்றாலும் காலப்போக்கில் சிதையும். ஆனால் அரைத்த பாறைத் துகளில் உள்ள சிலிக்கா சிதைவதில்லை. காற்றில் பறக்கும் நுண்ணிய சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்தால், சிலிகோசிஸ் என்னும் குணப்படுத்த முடியாத நோய் உண்டாகும். எனவே பழைய மேடுகளைப் பொறுத்தவரை தூசுக் கட்டுப்பாடு முதன்மையானது. மறுசுத்திகரிப்பில் மீண்டும் சயனைடு பயன்படுத்தப்பட்டால், கரைசலின் பி.எச் கண்காணிப்பும் அருகிலுள்ள மருத்துவமனைகளில் மாற்று மருந்து இருப்பும் இன்றியமையாதவை.

சயனைடு பாதிப்பு ஏற்பட்டால் உடனடியாகத் தூய காற்றுள்ள இடத்துக்கு அழைத்துச் சென்று, நஞ்சு பட்ட ஆடைகளை அகற்றி, தோலைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். வாயோடு வாய் வைத்துச் செயற்கைச் சுவாசம் அளித்தால் உதவுபவரும் பாதிக்கப்படலாம் என்பதால், அதனைத் தவிர்த்து விரைவாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.