ஆய்வுச் சுருக்கமும் பின்னூட்டமும்

ஆய்வுச் சுருக்கம் என்பது ஓர் ஆய்வுக் கட்டுரையின் அல்லது ஆய்வேட்டின் கேள்வி, செய்முறை, முடிவு ஆகியவற்றைத் தனியே படித்தாலும் புரியும்படி கூறும் சிறு பகுதியாகும். பொதுவாக இது 150 முதல் 300 சொற்களுக்குள் அமையும். கட்டணம் செலுத்திப் படிக்க வேண்டிய இதழ்களில் பெரும்பாலும் இதுமட்டுமே இலவசமாகக் கிடைக்கும். பல கருத்தரங்குகளில் கட்டுரையை ஏற்பதும் மறுப்பதும் இதை வைத்தே முடிவாகின்றன.

மாணவர்கள் பலர் சுருக்கத்தையும் முன்னுரையையும் ஒன்றாக எண்ணிவிடுகின்றனர். முன்னுரை வாசகரை ஆய்வுக்குள் அழைத்துச் செல்வது. சுருக்கமோ, ஆய்வில் என்ன கண்டறியப்பட்டது என்பதையே சொல்லிவிட வேண்டும். 1987இல் ‘அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ என்னும் அமெரிக்க மருத்துவ இதழ், நோக்கம், முறை, முடிவு எனத் தனித்தனி உட்தலைப்புகளுடன் சுருக்கம் எழுதும் முறையை முன்வைத்தது. பின்னர் மற்ற மருத்துவ இதழ்களும் இதைப் பின்பற்றின. உட்தலைப்பு இருந்தால் எது விடுபட்டது என்பது உடனே தெரிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு

கல்வியியல் மாணவர் ஒருவர் எழுதியதாக ஒரு சுருக்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். இதிலுள்ள எண்களும் கற்பனையே.

“மொழி சமூகத்தின் கண்ணாடி. தமிழ் மிகத் தொன்மையான மொழி. இன்றைய மாணவர்களிடம் எழுத்துப்பிழைகள் பெருகி வருகின்றன. இவ்வாய்வு அப்பிழைகளை விரிவாக ஆராய்கிறது. முடிவுகளும் பரிந்துரைகளும் இறுதியில் தரப்பட்டுள்ளன.”

முதலிரண்டு தொடர்களைத் தமிழ் பற்றிய எந்த ஆய்வேட்டிலும் ஒட்டிவிடலாம். கடைசித் தொடர் வாசகருக்கு எதையும் தருவதில்லை. இதைப் படித்த நெறியாளர் ஓரத்தில் நான்கு கேள்விகளை எழுதுகிறார்: எந்த வகுப்பு? எத்தனை பேர்? என்ன செய்தீர்கள்? என்ன கிடைத்தது? மாணவர் திருத்திக் கொண்டுவருகிறார்.

“எட்டாம் வகுப்பு மாணவர்கள் சொல்வதெழுதுதலில் ல, ள, ழ ஆகியவற்றை மாற்றி எழுதுவதை, வாய்விட்டு வாசிக்கும் பயிற்சி குறைக்குமா என்று இவ்வாய்வு பார்த்தது. ஓர் அரசுப் பள்ளியின் 60 மாணவர்களுக்கு ஆறு வாரம், நாள்தோறும் 15 நிமிடம் பயிற்சி தரப்பட்டது. 100 சொற்கள் கொண்ட தேர்வில் சராசரிப் பிழை 14இலிருந்து 9ஆகக் குறைந்தது. எனவே வாய்விட்டு வாசித்தலே பிழை நீக்கும் சிறந்த வழியாகும்.”

இப்போது இது சுருக்கம் என்று சொல்லத்தக்கதாகிவிட்டது. பலர் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். ஆனால் இரண்டாம் சுற்றுப் பின்னூட்டம்தான் முக்கியமானது. நெறியாளர் ஆய்வேட்டின் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கேள்விகள் கேட்கிறார். ழகரப் பிழைகள் குறையவே இல்லை என்று அட்டவணை சொல்கிறதே, அது ஏன் இங்கே இல்லை? பயிற்சி பெறாத இன்னொரு பிரிவுடன் ஒப்பிட்டீர்களா?

ஒப்பிடவில்லை. ஆறு வாரத்தில் வழக்கமான வகுப்பினாலும் பிழைகள் குறைந்திருக்கலாம். ஆகவே கடைசித் தொடர் இப்படி மாறுகிறது: “லகர, ளகரப் பிழைகள் குறைந்தன; ழகரப் பிழைகள் குறையவில்லை. ஒப்பிடுவதற்கு வேறு பிரிவு இல்லாததால், பயிற்சி மட்டுமே காரணம் என்று கூற இயலாது.” இப்படி எழுதினால் ஆய்வு வலுவிழந்துவிடும் என்று மாணவர் அஞ்சுவதுண்டு. இந்தச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் தன் வகுப்பில் நாள்தோறும் 15 நிமிடத்தை ஒதுக்கப்போகும் ஆசிரியரை எண்ணிப் பார்த்தால் அந்த அச்சம் நீங்கும்.

எத்தகைய பின்னூட்டம் உதவும்?

சுருக்கத்துக்கும் கட்டுரைக்கும் இடையிலான முரண்பாடு மாணவர்களிடம் மட்டும் காணப்படுவதன்று. ராய் பிட்கினும் உடன் பணியாற்றியவர்களும் புகழ்பெற்ற ஆறு மருத்துவ இதழ்களிலிருந்து தலா 44 கட்டுரைகளை எடுத்துச் சரிபார்த்து, 1999இல் முடிவை வெளியிட்டனர். கட்டுரையோடு பொருந்தாத அல்லது கட்டுரையிலேயே இல்லாத தகவல்களைக் கொண்ட சுருக்கங்கள், இதழுக்கு இதழ் 18 முதல் 68 விழுக்காடு வரை இருந்தன.

அதற்கு முந்தைய ஆண்டு, பிட்கின் குழுவினர் மற்றொரு சோதனையின் முடிவை வெளியிட்டிருந்தனர். கட்டுரையைத் திருத்தி அனுப்ப வேண்டிய ஆசிரியர்களில் ஒரு பகுதியினருக்கு, சுருக்கத்தில் இத்தகைய பிழைகள் நேராமல் பார்த்துக்கொள்ளும்படி தனி அறிவுரை அனுப்பப்பட்டது. அறிவுரை பெற்றவர்களின் சுருக்கங்களில் 28 விழுக்காடும், பெறாதவர்களின் சுருக்கங்களில் 26 விழுக்காடும் குறையுடையவையாக இருந்தன. பயன் ஏதுமில்லை.

அனைவருக்கும் பொதுவான அறிவுரைத்தாளை விட, ‘உங்கள் மூன்றாம் தொடரில் உள்ள 9 எந்த அட்டவணையில் இருக்கிறது?’ என்ற ஒரு கேள்வி மேலானது என்றே தோன்றுகிறது. ‘இன்னும் மேம்படுத்துக’ என்னும் குறிப்பால் மாணவருக்கு வழி தெரியாது. நெறியாளரே முழுவதையும் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டால், அடுத்த சுருக்கத்துக்கும் மாணவர் அவரிடமே வந்து நிற்பார்.

துறை அறியாத ஒருவரிடமும் படிக்கக் கொடுப்பது நல்லது. படித்து முடித்ததும் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, ஆய்வு என்ன கண்டது என்று அவரைச் சொல்லச் சொல்ல வேண்டும். அவர் தடுமாறும் இடமே திருத்த வேண்டிய இடம். இருவரின் கருத்துகள் முரண்பட்டால், மாணவர் தன் தரவைப் பார்த்து முடிவெடுக்கலாம்; வந்த கருத்து ஒவ்வொன்றையும் ஏற்க வேண்டும் என்பதில்லை. சொல் வரம்பு மீறினால் முதலில் பின்னணித் தொடர்களைக் குறைக்க வேண்டும். எண்களையும் வரம்புகளையும் அல்ல. முந்தைய வரைவுகளைத் தேதியிட்டு வைத்திருந்தால், எந்தத் திருத்தம் யாருடைய கேள்வியால் வந்தது என்பதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.