பலா மரம் நம்முடையது, வெட்டுவது நம் இஷ்டமா?



எமது தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் காத்தான்குடியில் கடைகளில் வேலை செய்கிறார்கள். அவர்களைப் பார்க்க ஒரு முறை அங்கே போயிருந்தோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மட்டக்களப்பு வாவி, நடுவில் நெருக்கமாக வீடுகள். ஒரு வீட்டு வளவில் பெண் பனை ஒன்று கூரைப் பக்கம் சாய்ந்து நின்றது. "ஏன் காக்கா, இதை வெட்டவில்லையா?" என்று கேட்டோம். "மரம் என்ட காணியிலதான் நிக்குது தம்பி. ஆனா வெட்டக் கடதாசி வேணும். கிராம உத்தியோகத்தரிட்டச் சொல்லியிருக்கன்" என்றார் வீட்டுக்காரர்.

அவர் சொன்னது சரி. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டக்கூடாது. சொந்தக் காணியில் நின்றாலும், நாமே நட்டு வளர்த்தாலும் சட்டம் ஒன்றுதான்.

ஏன் இந்த மூன்று மரங்கள்? மூன்றும் சோறு போடும் மரங்கள். பெண் பனைதான் நுங்கும் பனம்பழமும் தரும். பலாவின் அருமை நமக்குத் தெரியும். 1974 பஞ்ச காலத்தில் தோட்டங்களில் எத்தனையோ உயிர்கள் போயின. அரிசியும் மாவும் கிடைக்காத அந்த நாட்களில் பலாக்காயை அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பலா வளர்ந்து காய்க்கப் பல வருடம் செல்லும். பலகைக்காக வெட்ட ஒரு நாள் போதும்.

நுவரெலியாக் குளிரில் பலாவைக் காண்பது அரிது. மாத்தளை, கண்டி, இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னாலேயே நிற்கும். "என் தாத்தா நட்டது, நான் வெட்டுவேன்" என்று சிலர் சொல்கிறார்கள். தோட்டக் காணியில் நிற்கிற மரத்துக்கு முதலில் நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். அதோடு சட்டப்படியான அனுமதியும் வேண்டும். இரண்டும் இல்லாமல் வெட்டினால் பொலிஸ், வழக்கு, அபராதம் என்று அலைய நேரும். அன்றாடச் சம்பளத்தில் வாழும் நமக்கு அது தாங்காது.

அப்படியானால் மரம் பட்டுப்போய் லயத்தின் மேல் விழப் பார்த்தால் என்ன செய்வது? பயந்து சும்மா இருக்க வேண்டாம். செய்ய வேண்டியது இதுதான்:

1. தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

2. கிராம உத்தியோகத்தரைக் கூட்டிவந்து மரத்தைக் காட்டுங்கள்.

3. அவருடைய சிபாரிசோடு விண்ணப்பம் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். அனுமதிப்பத்திரம் அங்கேதான் கிடைக்கும்.

4. பலகையை வெளியே கொண்டுபோவதானால் அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

கடிதம் எழுதத் தெரியாதவர்கள் நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். மழை தொடங்கும் முன்பே வாருங்கள். மரம் விழுந்த பிறகு எழுதும் கடிதத்தால் யாருக்கும் பயனில்லை.

ஒரு மரத்தை வெட்ட வேண்டி வந்தால், அது நின்ற பக்கத்தில் ஒரு பலாக்கொட்டையை ஊன்றி விடுங்கள். நம் பேரப்பிள்ளைகள் சாப்பிடட்டும்.