வலையில் ஒரு வீடு – 9: பதினாறு கட்டத்து முகம்

சென்ற வாரம் பக்கங்களைச் சர்வரில் ஏற்றியவர்கள் லாக் ஃபைலைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு வரி கண்ணில் பட்டிருக்கும். நீங்கள் உருவாக்கவே செய்யாத ஒரு கோப்பை யாரோ கேட்டிருப்பார்கள். ‘ஃபெவிகான்.ஐகோ’ என்று அதன் பெயர். சர்வரும் 404 என்று, அதாவது அப்படி எதுவும் இங்கே இல்லை என்று, பதில் சொல்லியிருக்கும். கேட்டது வந்தவரின் பிரவுசர். டேபில் உங்கள் தளத்தின் பெயருக்குப் பக்கத்தில் வைக்க ஒரு சிறு படம் வேண்டுமே என்று, நீங்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அது கேட்டுப் பார்க்கும்.

இந்த வாரம் இரண்டு வேலைகள். அந்தப் படத்தை வரைய வேண்டும். வந்து போகிறவர்களை எண்ண வேண்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வேலைகள் போலத் தோன்றும். ஆனால் பிறந்தபோது இரண்டும் சேர்ந்தே பிறந்தன.

1999 மார்ச்சில் வெளியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-ல்தான் இந்தப் படம் வலைக்குள் நுழைந்தது. அந்த பிரவுசரில் பிடித்த பக்கங்களைச் சேர்த்துவைக்கும் பட்டியலுக்கு ‘ஃபேவரிட்ஸ்’ என்று பெயர். அந்தப் பட்டியலுக்கான ஐகான் என்பதால் ஃபெவிகான். ஒருவர் உங்கள் பக்கத்தைப் பட்டியலில் சேர்க்கும்போது மட்டும்தான் பிரவுசர் இந்தப் படத்தைக் கேட்கும். ஆகவே லாக் ஃபைலில் அந்தக் கோப்பு எத்தனை முறை கேட்கப்பட்டது என்று எண்ணினால், எத்தனை பேர் மறுபடி வர நினைத்தார்கள் என்பது தோராயமாகத் தெரிந்துவிடும். பின்னால் வந்த பிரவுசர்கள் வருகிற எல்லோருக்காகவும் படத்தைக் கேட்க ஆரம்பித்தன. அந்தக் கணக்கும் முடிந்துபோனது. தனியாகத் தளம் நடத்துகிற ஒருவருக்கு அதைவிடத் தேவையான எண் பிறகு ஒருநாளும் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, எத்தனை பேர் திரும்பி வர விரும்பினார்கள் என்பதுதானே நமக்கு வேண்டும்?

முதலில் படம்.

என் தளம் நீர்ப்பறவைகளைப் பற்றியது. நாங்குநேரிப் பக்கம் இருக்கும் கூந்தன்குளத்துக்குப் போகும்போதெல்லாம் எழுதிய குறிப்புகள் அதில் இருக்கின்றன. தலைப்பின் முதலெழுத்தான ‘நீ’யையே ஐகானாக வைக்கலாம் என்று நினைத்தேன். டேபில் தெரியும் படத்தின் அடிப்படை அளவு பதினாறுக்குப் பதினாறு, மொத்தம் 256 பிக்சல். அதற்குள் ‘நீ’யைச் சுருக்கியபோது நெடிலின் மேற்சுழி அடைத்துக்கொண்டது. ‘நீ’யும் இல்லை, ‘நி’யும் இல்லை, ஒரு கறுப்புத் திட்டுதான் மிஞ்சியது. ஒரு சுழி சுழியாகத் தெரிய வேண்டுமென்றால் நடுவில் ஒரு கட்டமாவது வெளியாக இருக்க வேண்டும், அதைச் சுற்றிக் கோடு ஓட வேண்டும். ஆக மூன்று கட்டம் போயிற்று. மூன்று சுழி ‘ண’வுக்கு அடுத்தடுத்து மூன்று இடைவெளி வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ‘ட’வும் ‘ப’வும் இந்தக் கட்டங்களுக்கென்றே பிறந்தவை போல நிமிர்ந்து நிற்கும். பஸ்ஸின் நெற்றியில் ஓடும் எல்இடி போர்டில் ஊர்ப் பெயரைப் படிக்கத் திணறியிருக்கிறீர்களா? அங்கேயும் இதே இடநெருக்கடிதான்.

வளைவைக் கட்டத்துக்குள் அடக்குவது நம் பக்கத்துக்குப் புதிய வித்தை இல்லை. பத்தமடையில் கல்யாணத்துக்கென்று நெய்யும் கோரைப்பாயில் மணமக்களின் பெயர்களைச் சேர்த்தே நெய்வார்கள். பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாகத்தான் ஓட முடியும். வளைவு என்று ஒன்று அங்கே கிடையாது. படிப்படியாக ஏறி இறங்கித்தான் எழுத்து உருவாகிறது. பக்கத்தில் போனால் படிக்கட்டு, தள்ளி நின்றால் பெயர். அந்தப் பாயை ஒருமுறை கூர்ந்து பார்த்துவிட்டு வந்து பிக்சல் வரைய உட்காருங்கள். எந்தப் படியை விடலாம், எந்தப் படியை விடக்கூடாது என்பதில் கண்ணுக்கு ஒரு பழக்கம் வந்திருக்கும்.

கணினித் திரையில் இந்தக் கலைக்கு வழிகாட்டியவர் சூசன் கேர். கலை வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர். பள்ளித் தோழர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் அழைத்ததால் ஆப்பிளுக்கு வந்தார். கணினியில் ஐகான் வரைவதற்கான கருவி தயாராகும் முன்பே, கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, ஒரு கட்டம் ஒரு பிக்சல் என்று கணக்கு வைத்து வரைய ஆரம்பித்துவிட்டார். அவருக்குக் கிடைத்த இடம் 32-க்கு 32. கறுப்பும் வெள்ளையும் தவிர நிறமில்லை. 1984 ஜனவரியில் மெக்கின்டாஷ் வெளிவந்தபோது சிரிக்கும் கணினி, குப்பைத் தொட்டி, திரி எரியும் வெடிகுண்டு எல்லாம் அந்த 1,024 கட்டங்களுக்குள் உயிரோடு இருந்தன. கமாண்ட் விசையில் இன்றும் இருக்கும் நான்கு கண்ணிச் சின்னத்தை அவர் ஒரு குறியீட்டு அகராதியில் கண்டெடுத்தார். ஸ்வீடனில் பார்க்க வேண்டிய இடங்களைச் சுட்டப் பயன்பட்ட சின்னம் அது. அவருடைய நோட்டுப் பக்கங்களை நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2015-ல் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

அவரிடமிருந்து நான் கற்றது ஒன்று. பெரிய படத்தை வரைந்து சுருக்கக் கூடாது. சிறிய அளவிலேயே தொடங்க வேண்டும். எழுத்தைக் கைவிட்ட பிறகு ஒரு மஞ்சள் மூக்கு நாரையை முழுதாக வரைந்து சுருக்கிப் பார்த்தேன். கால்கள் காணாமல் போயின. சிறகின் வரிகள் சாம்பல் பூசியதுபோல் ஆயின. மென்பொருள் சுருக்கும்போது இரண்டு கட்டங்களுக்கு நடுவே விழும் கோட்டை இரண்டிலும் பாதிப் பாதி நிறமாகப் பூசிவிடுகிறது. அதனால்தான் அந்த மங்கல். கடைசியில் கட்ட நோட்டையே எடுத்தேன். கூந்தன்குளத்தில் அந்த நாரையைத் தொலைவிலிருந்து எப்படி அடையாளம் காண்கிறேன் என்று யோசித்தேன். கால்களாலா? இல்லை. நுனியில் லேசாகக் கீழே வளையும் அந்த நீண்ட மஞ்சள் அலகுதான் முதலில் தெரியும், அடுத்து ஆரஞ்சு முகம். அவ்வளவையும் கரும்பச்சைப் பின்னணியில் வைத்தேன். சரியாக வந்தது.

வரையும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பதினாறு இரட்டைப்படை எண். அதனால் நட்டநடுக் கட்டம் என்று ஒன்று இல்லை. ஒரு கட்ட அகலக் கோட்டை நடுவில் நிறுத்தவே முடியாது. எந்தப் பக்கம் வைத்தாலும் சாய்ந்ததுபோல் தெரியும். கோடு நடுவில் வர வேண்டுமென்றால் அகலத்தை இரண்டு கட்டமாக்குங்கள்.

மற்ற அளவுகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஐகோ கோப்பு ஒன்றுக்குள்ளேயே 16, 32, 48 என மூன்று அளவையும் வைக்கலாம். ஐபோனின் முகப்பில் சேர்ப்பவர்களுக்காக 180-க்கு 180 அளவில் தனிப் படம் வேண்டும். அதில் பின்னணியை வெறுமையாக விட்டால் ஐபோன் கறுப்பை நிரப்பிவிடும். ஆண்ட்ராய்டுக்கு 192, 512. சில போன்கள் படத்தை வட்டமாக வெட்டும் என்பதால் முக்கியமானதை நடுவில் எண்பது சதவீத விட்டமுள்ள வட்டத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். 2019 முதல் கூகுள் தன் மொபைல் தேடல் முடிவுகளிலும் இந்தப் படத்தைக் காட்டுகிறது. ஆக உங்கள் தளத்துக்கு இன்னும் வராதவரும் முதலில் பார்ப்பது இதைத்தான். படத்தை மாற்றிய பிறகும் பழையதே தெரிகிறதா? பிரவுசர் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் காட்டுகிறது. கோப்பின் முகவரிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியும் புதிய எண்ணும் சேர்த்தால் அதை வேறு கோப்பாகக் கருதித் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

இனி எண்ணிக்கை.

1990-களில் தனிநபர் தளங்களின் அடியில் ஒரு எண்மானி ஓடும். ஸ்கூட்டரின் கிலோமீட்டர் காட்டி போல, ஒவ்வொரு இலக்கமும் ஒரு படம். பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் ஒன்று கூடும். ஒரே ஆள் பத்து முறை புதுப்பித்தால் பத்து கூடும். எந்த எண்ணிலிருந்து தொடங்குவது என்பதும் தளக்காரர் விருப்பம். அதன் பிறகு லாக் ஃபைலைப் படித்து அறிக்கை தரும் மென்பொருள்கள் வந்தன: 1997-ல் வெபலைசர், 2000-ல் ஏடபிள்யூஸ்டாட்ஸ். வாடகை சர்வர் வைத்திருப்பவர்கள் சிபேனலைத் திறந்து பாருங்கள். இவற்றில் ஒன்று பெரும்பாலும் அங்கே காத்திருக்கும்.

2005-ல் காற்று திசை மாறியது. அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கிய கூகுள், அதே ஆண்டு நவம்பரில் கூகுள் அனலிடிக்ஸை இலவசமாகத் திறந்தது. கூட்டம் தாங்காமல் சில நாட்களிலேயே புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. சில வரி நிரலை ஒட்டினால் போதும். வந்தவர் எந்த ஊர், எந்த போன், எவ்வளவு நேரம் இருந்தார் என்று எல்லாம் படமாக வரும். ஆனால் அந்த விவரங்கள் உங்கள் சர்வருக்கு வருவதில்லை, அந்த நிறுவனத்துக்குப் போகின்றன. ஐரோப்பியத் தளங்கள் இதைப் பயன்படுத்திய முறை தங்கள் தரவுச் சட்டத்துக்கு முரணானது என்று ஆஸ்திரியா, பிரான்ஸ் நாட்டு ஆணையங்கள் 2022-ல் அறிவித்தன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நாரையைப் பற்றிப் படிக்க வருகிறவரின் வருகையை ஒரு விளம்பர நிறுவனத்திடம் சொல்லிக்கொடுக்க எனக்கு என்ன உரிமை? அதனால் நான் அந்த நிரலைச் சேர்க்கவில்லை. நீங்களும் சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். படங்களாகப் பார்த்தே தீர வேண்டும் என்றால் மட்டோமோவை உங்கள் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். விவரம் வீட்டைவிட்டு வெளியே போகாது.

என்னைப் போன்றவர்களுக்கு லாக் ஃபைலே போதும். அதில் ஒரு வரி என்பது ஒரு கோரிக்கை. கேட்டவரின் ஐபி எண், நேரம், கேட்ட கோப்பு, சர்வர் தந்த பதில், அனுப்பிய பைட் அளவு, எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், எந்த பிரவுசர் என்று வரிசையாக இருக்கும். ‘எங்கிருந்து வந்தார்’ என்பதைக் குறிக்கும் ‘ரெஃபரர்’ என்ற சொல்லின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து குறைவாக இருப்பதைக் காண்பீர்கள். 1996-ல் வெளியான எச்டிடிபி ஆவணத்தில் நேர்ந்த எழுத்துப்பிழை அது. அதற்குள் எல்லா மென்பொருளும் அப்படியே பயன்படுத்தத் தொடங்கிவிட்டதால் இன்றுவரை திருத்த முடியவில்லை. தமிழ் முகவரிகள் வேறு மாதிரி மிரட்டும். ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டாகி, சதவீதக் குறியோடு சேர்ந்து ஒன்பது எழுத்தாக விரியும். ‘நாரை’ என்ற சொல் 36 எழுத்து நீளத்துக்குக் கிடக்கும்.

வரிகளை எண்ணினால் ஆட்களை எண்ணியதாகாது. பன்னிரண்டு படம் உள்ள பக்கத்தை ஒருவர் திறந்தால் குறைந்தது பதின்மூன்று வரி. ஒரே ஐபி எண்ணுக்குப் பின்னால் ஒரு கல்லூரியே இருக்கலாம். மொபைல் இணைப்பில் பெருங்கூட்டமே இருக்கலாம். போதாததற்குத் தேடுபொறிகளின் ரோபோக்கள் வேறு இரவும் பகலும் மேய்ந்துகொண்டிருக்கும். மனிதரை எப்படிப் பிரிப்பது? இங்கே நம் சிறு படம் மறுபடி உதவுகிறது. எளிய ரோபோக்கள் பக்கத்தின் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும். அலகையும் முகத்தையும் கேட்காது. மனிதரின் பிரவுசர் கேட்கும், ஒருமுறை வாங்கியதைச் சேமித்துவைத்துக்கொண்டு அடுத்த முறை பெரும்பாலும் கேட்காது. ஆகவே ஃபெவிகான் கேட்ட வரிகளை எண்ணினால் புதிதாக வந்த மனிதர்களைப் பற்றி ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். துல்லியம் இல்லை, ஆனால் யாரையும் உளவு பார்க்காத கணக்கு.

படத்தை வைத்து உளவும் பார்க்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். மின்னஞ்சலிலும் பக்கங்களிலும் ஒளித்துவைக்கும் ஒற்றைப் பிக்சல் படத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நிறமில்லை, கண்ணுக்குத் தெரியாது, அளவு 43 பைட். வந்தவரைக் குறித்துக்கொள்வது தவிர அதற்கு வேறு வேலையே கிடையாது. ஃபெவிகானும் அந்த வழியில் போகக்கூடும் என்று சிகாகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் காட்டினார்கள். வந்தவரைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பல முகவரிகள் வழியாகத் திருப்பிவிட்டு, சில முகவரிகளில் மட்டும் படம் கொடுப்பது. எவை சேமிக்கப்பட்டன, எவை இல்லை என்பதையே அந்த ஆளுக்கான ரகசிய எண்ணாக மாற்றுவது. மறைமுகச் சாளரத்தில் வந்தாலும், குக்கீகளை அழித்துவிட்டு வந்தாலும் அன்றைய பிரவுசர்கள் பலவற்றில் அந்த எண் தப்பிப் பிழைத்தது. விரும்பிய பக்கத்தை அடையாளம் காட்டப் பிறந்த சித்திரம் இப்படியும் ஆகும் என்று படித்த அன்று எனக்கு மனம் கனத்தது. நம் லாக் ஃபைலும் அப்படி உளவாகிவிடாமல் இருக்க, அதில் ஐபியின் கடைசிப் பகுதியைப் பூஜ்யமாக்கச் சர்வரில் ஒரு ஏற்பாடு செய்யலாம். நான் செய்துவிட்டேன்.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? நான் முதலில் தேடிப் படிப்பது 404 வரிகளை. வந்தவர் கேட்டு நாம் கொடுக்காமல் விட்டவை அவை. வரித்தலை வாத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுத நினைத்து, எழுதும் முன்பே முகப்பில் சுட்டி மட்டும் கொடுத்துவைத்திருந்தேன். குளிர்காலம் தொடங்கியதும் அந்த நீண்ட சதவீதக் குறிச் சரம் லாக்கில் திரும்பத் திரும்ப வந்தது, ஒவ்வொன்றின் முடிவிலும் 404. இமயத்தைத் தாண்டி நாங்குநேரிக்கு வரும் ஒரு பறவையைப் பற்றித் தமிழில் படிக்க ஆட்கள் இருக்கிறார்கள், நான்தான் எழுதவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து எழுதி ஏற்றினேன். செவ்வாய்க்கிழமை காலை அதே முகவரி, முடிவில் 200. அதற்கு நேர் கீழே, அதே நொடியில், யாரோ ஒருவரின் பிரவுசர் மஞ்சள் அலகைக் கேட்டு வாங்கியிருந்தது.

(தொடரும்)