மஞ்சு இறங்கட்டும், படம் எடுக்கலாம்

பேத்துப்பாறையிலிருந்து பழைய மிக்ஸியையோ தேக்கு நாற்காலியையோ ஓஎல்எக்ஸில் விற்க நினைப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நகரத்து ஸ்டுடியோக்காரர்கள் வெள்ளைக் குடையும் துணித்திரையும் கட்டி உண்டாக்குகிற ஒளியை, கொடைக்கானல் மலையில் மஞ்சு சும்மாவே தந்துவிடுகிறது.

வானத்தில் சூரியனின் அகலம் அரை டிகிரிதான். அவ்வளவு சிறிய இடத்திலிருந்து ஒளி வருவதால் வெயிலில் நிழல்கள் கருத்து, விளிம்பு கூர்ந்து விழுகின்றன. பித்தளை அண்டாவில் ஒரே ஒரு புள்ளி கண்ணைப் பறிக்கும், மற்றதெல்லாம் இருண்டுவிடும். மஞ்சில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள் அந்த ஒளியைத் திரும்பத் திரும்பச் சிதறடிக்கின்றன. ஒளியின் அலைநீளத்தைவிடத் துளிகள் மிகப் பெரியவை என்பதால் எல்லா நிறங்களும் ஏறக்குறைய சமமாகவே சிதறும். வானம் முழுவதும் ஒரே விளக்காகிவிடும். அப்போது பொருளைத் திண்ணையிலோ ஜன்னலோரத்திலோ வைத்தால் போதும்.

ஆனால் வீட்டு பல்பை அணைத்துவிட வேண்டும். மஞ்சள் பல்பின் ஒளி சுமார் 2,700 கெல்வின், மேகமூட்டப் பகலொளி 6,500 கெல்வினை ஒட்டியது. இரண்டும் ஒரே பொருளின் மேல் விழுந்தால் செல்போனால் ஒன்றைத்தான் சரிசெய்ய முடியும். கம்பளிச் சால்வையின் ஒரு பாதி மஞ்சளாகவும் மறுபாதி நீலம் பூத்தும் நிற்கும். வாங்கியவர் "படத்தில் பார்த்த கலர் இது இல்லையே" என்று கேட்டால் அவர்மேல் தப்பில்லை.

பின்னால் வெள்ளை வேட்டி விரிப்பது நல்ல பழக்கம். ஆனால் கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும், வேட்டி அழுக்குச் சாம்பலாகிவிடும். திரையில் பொருளைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கிட்டப் போய் எடுக்காதீர்கள். நாற்காலியின் முன்கால் யானைக்கால் ஆகிவிடும். இரண்டடி பின்வாங்கி 2 எக்ஸ் ஜூமில் எடுத்தால் அளவுகள் நேராகும்.

இவ்வளவு நல்ல மஞ்சுக்கும் ஒரு குறை உண்டு. கீறலையும் நசுங்கலையும் அது மறைத்துவிடும். பள்ளத்தைக் காட்டுவது நிழல்தான். எல்லாப் பக்கமிருந்தும் ஒளி வந்தால் நிழல் ஏது? தேய்ந்த கல்வெட்டைப் படிப்பவர்கள் பக்கவாட்டில் விளக்கைத் தாழப் பிடிப்பது இதனால்தான். ஊரை ஒட்டிய கல்திட்டைகளை மாலைச் சாய்வெயிலில் பார்த்தாலும் இது புரியும்: உச்சிவெயிலில் தட்டையாகத் தெரிந்த பாறை அப்போது சொரசொரவென்று எழுந்து நிற்கும்.

ஆகவே மஞ்சில் எடுத்ததோடு நிறுத்தக் கூடாது. வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வருபவர் நசுங்கலை இங்கே வந்துதான் பார்க்க வேண்டும் என்றால் அது பெரிய அநியாயம். இன்னொரு செல்போனின் டார்ச்சைப் பொருளின் பரப்பை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வையுங்கள், நசுங்கலின் அளவு தெரியும். அந்தப் படத்தை இரண்டாவதாகவே போடுங்கள், கடைசியில் ஒளிக்காதீர்கள்.