கூண்டினுள் மனிதன்

மிருகக்காட்சிச் சாலையில் விலங்கு கூண்டினுள் இருக்கும். நாம் வெளியே உலவுவோம். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவிலோ மோட்டார் வண்டியே கூண்டு. அதனுள் அடங்கியிருப்பவன் மனிதன்.

1926ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இப்பூங்கா ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. வெயில் ஏறுமுன் விலங்குகள் மிகுதியாக நடமாடுமாதலால், விடியலில் வாயில் திறந்ததும் வண்டிகள் புறப்படுகின்றன. தார்ச்சாலையிலும் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் விரையலாகாது. குறித்த இடங்களிலன்றி இறங்கவும் கூடாது.

இவ்விதி எதற்கு? சாலையோரம் படுத்திருக்கும் சிங்கம் வண்டியைப் பொருட்படுத்துவதில்லை. நாள்தோறும் காணும் அவ்வண்டி அதனைத் துன்புறுத்தியதுமில்லை, அதற்கு உணவளித்ததுமில்லை. ஆதலின் அதன் கண்ணுக்கு அது பகையுமன்று, இரையுமன்று. ஒருவன் கதவைத் திறந்து இறங்கினாலோ, வண்டியோடு ஒன்றியிருந்த உருவம் தனி மனிதனாகப் பிரிந்து தோன்றும். சிங்கம் அஞ்சி ஓடலாம். சீறிப் பாயவும் செய்யலாம்.

உணவு எறிதலும் தீதே. அதற்குப் பழகிய பபூன் குரங்குகள் அச்சம் நீங்கி மனிதரைத் தாக்கத் துணிகின்றன. இறுதியில் அவற்றைக் கொல்லவும் நேர்கிறது. இரக்கமென்று நாம் எறிந்த பழமே அவ்வுயிருக்குக் கூற்றாகிறது.

மாணவர்களே! கானகத்தில் கையை அடக்கியிருத்தலும் அன்பின் செயலே.