கதவைக் கழற்றுக, நிலையைக் காத்திடுக

சென்ற பொங்கலின்போது குடிபாலாவுக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் அன்பர் ஒருவரின் இல்லத்துக்கு நாம் சென்றிருந்தோம். அயல்நாட்டில் உழைக்கும் அவ்வன்பர், தனித்து வாழும் தம் தாயாருக்கென எஃகு பீரோ ஒன்றைச் சித்தூரில் வாங்கி அனுப்பியிருந்தார். தெருவாசலை எளிதாகக் கடந்த பீரோ, குறுகிய நடையில் திரும்பி உள்ளறைக்குள் நுழைய மறுத்துவிட்டது. பாதி உள்ளும் பாதி வெளியுமாக அது நின்றது. அம்மூதாட்டியார் தம் வீட்டுக்குள்ளேயே அப்பால் செல்ல வழியின்றி நின்றார்.

உதவிக்கு வந்த இளைஞர்கள் கடப்பாரையைக் கொண்டுவந்தனர். நிலையின் ஒரு பக்கத்தைப் பெயர்த்துவிட்டுப் பிறகு பூசிக்கொள்ளலாம் என்பது அவர்கள் யோசனை. கதவைக் கழற்றலாமே என்று நாம் கூறினோம். மூதாட்டியார் இசையவில்லை. கதவைக் கழற்றிய வீட்டில் திருமகள் தங்கமாட்டாள் என்று கண்கலங்கினார்.

அவ்வேளையில் வந்து சேர்ந்த முதிய தச்சர் ஒருவர் கேட்டார்: “அம்மா, நாள் கிழமைகளில் மஞ்சள் பூசிக் குங்குமம் இடுகிறீர்களே, அது கதவுக்கா, படிக்கா?”

“படிக்குத்தான் ஆசாரியாரே.”

“அப்படியானால் படியையும் நிலையையும் நான் தொடமாட்டேன். கதவு கழற்றி மாட்டுவதற்கென்றே செய்யப்பட்டதம்மா.”

கால் மணி நேரத்தில் கதவு இறங்கிற்று. பீரோ உள்ளே சென்றது. கதவு மீண்டும் தன் இடத்தில் நின்றது. அன்று கற்ற பாடத்தை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஊரிலுள்ள பெற்றோருக்குப் பெரும் பொருள்களை வாங்கி அனுப்புவோர் நம்மிற் பலர். அவை எவ்வழியே உள்ளே செல்லும் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

நம் பகுதியில் வீடு கட்டுவோர் நிலை வைப்பதை ஒரு மங்கல நிகழ்ச்சியாகவே நடத்துவர். தமிழர் வாசற்படி என்பதைத் தெலுங்கர் ‘கடப’ என்பர். அதற்கு மஞ்சளும் குங்குமமும் இடும் வழக்கம் இருவர்க்கும் பொது. சித்தூர் மாவட்டம் 1911-இல் உருவாயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலத்தின் பகுதியாயிற்று. 1960-இல் திருத்தணி தமிழகத்துடன் சேர்ந்தது. எல்லைகள் இவ்வாறு மாறிய காலத்தும் இரு மொழியாரின் வாசல் வழக்கம் மாறவில்லை.

இவ்வழக்கத்துக்கு இசைவாகவே கட்டட முறையும் அமைந்துள்ளது. பழைய மண்சுவர், செங்கற்சுவர் வீடுகள் பலவற்றில், வாசலுக்கு மேலுள்ள சுவரின் பாரத்தை நிலையின் மேற்சட்டமும் அதன் மீதுள்ள மரமுமே தாங்குகின்றன. நிலையை அசைத்தால் சுவர் வெடிக்கும், சரிந்தும் விழலாம். கதவோ எப்பாரத்தையும் தாங்குவதில்லை. ஆதலின் கழற்றத் தக்கது அதுவே.

பழைய கதவுகள் குடுமியில் சுழல்வன. கீழ்க்குடுமி படியிலுள்ள குழியிலும், மேற்குடுமி மேலேயுள்ள குழியிலும் நிற்கும். மேற்குழி போதிய ஆழமுடையதாயின், கதவை நெம்பி மேலே உயர்த்தியதும் கீழ்க்குடுமி குழியை விட்டு வெளிவரும். அவ்வாறு உயராத கதவை வற்புறுத்தலாகாது. தச்சரை அழைப்பதே அறிவுடைமை.

கீல் வைத்த கதவாயின் முதலில் அதன் அடியில் ஆப்பு வைத்துப் பாரத்தைத் தாங்கச் செய்க. ஒருவர் கதவைப் பிடித்திருக்க, மற்றவர் கீழ்க்கீலை முதலிலும் மேற்கீலை இறுதியிலும் கழற்றுக. மாட்டும்போது மேற்கீலே முதல். திருகாணிகளை ஒரு பையில் இட்டுக் கதவிலேயே கட்டி வைத்தால் தேடும் தொல்லை இராது. கதவின் கனமும் தாழ்ப்பாளும் அடைத்திருந்த இரண்டு மூன்று அங்குலம் இதனால் கிடைக்கும். பெரும்பாலும் குறைவது அவ்வளவே.

அளந்து வாங்குவது இவை யாவற்றினும் நன்று. வாசலின் அகலத்தோடு, நடையின் திருப்பத்தையும் அளக்க வேண்டும். பொருளின் அடியளவுக்குச் செய்தித்தாளை வெட்டித் தரையில் திருப்பிப் பார்த்தால் உண்மை புலப்படும். மற்றொன்றையும் மறத்தலாகாது. 6½ அடி உயரமும் 1½ அடி ஆழமும் உள்ள பீரோவைப் படுக்க வைத்து உள்ளே கொண்டுசென்று நிமிர்த்தும்போது, அதன் மூலைவிட்டம் ஏறக்குறைய 6 அடி 8 அங்குலமாகும். பரணோ உத்திரமோ அதற்குத் தாழ்ந்திருந்தால், உள்ளே சென்ற பீரோ படுத்தே கிடக்கும்.

நம் முன்னோர் இத்தொல்லையை வேறு வகையில் வென்றனர். நெல் சேமிக்கும் குதிரை உறை உறையாகச் செய்து வீட்டினுள் அடுக்கினர். தஞ்சைப் பகுதியின் மரப் பத்தாயமும் அடுக்கடுக்காகப் பிரியக்கூடியதே. ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பழைய வீடுகளில் படிக்கட்டு மிகக் குறுகலானது. ஆதலின் முகப்பின் உச்சியில் கொக்கி அமைத்து, கயிற்றால் பொருள்களை ஏற்றிச் சன்னல் வழியே உள்ளே வாங்குகின்றனர். எவ்வூரிலும் வீட்டை இடிப்பது கடைசி வழியே.

அடுக்ககங்களில் வாழும் அன்பர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. தீத்தடுப்புக் கதவுகளை உரியவர் இசைவின்றித் தொடலாகாது. சிங்கப்பூரில் 1990-களின் இறுதியிலிருந்து கட்டப்பெற்ற வீடுகளிலுள்ள பாதுகாப்பு அறையின் எஃகுக் கதவைக் கழற்றச் சட்டம் இடந்தராது.

அன்று மாலை, மாட்டிய கதவைத் திறந்தும் மூடியும் பார்த்த மூதாட்டியார் படிக்குப் புதிதாக மஞ்சள் பூசினார். பிறகு நம்மிடம், “அடுத்த முறை வாங்குவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்; வாசல் எவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியும்” என்றார். ஊருக்குப் பொருள் அனுப்பும் நம் ஒவ்வொருவருக்கும் அவர் சொல்லி அனுப்பிய செய்தியாகவே அதனை நாம் கொள்கிறோம்.